அம்மாவின் நெஞ்சு வலியும் 84,000 டாலர் பில்லும்

கேள்வி: மேடம், நான் நார்த் கரோலினாவில், கேரி என்ற ஊரில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். எங்களுக்குக் குழந்தை பிறந்ததால் அம்மா (வயது 67) திருநெல்வேலியிலிருந்து விசிட்டர் விசாவில் வந்திருக்கிறார். போன மாதம் ஒரு நாள் இரவு ஒரு மணிக்கு "நெஞ்சைப் பிடிக்குதுய்யா" என்றார். எமர்ஜென்சிக்குக் கிளம்பினால், "இங்க ஆஸ்பத்திரிக்குப் போனா வீட்டை விக்கணும்னு சொல்லுதாங்க, வாய்வாத்தான் இருக்கும், விடியட்டும்" என்று தடுத்துவிட்டார். ஐந்து மணிக்கு வியர்த்துக் கொட்டியதும் தூக்கிக்கொண்டு ஓடினோம். மாரடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள், மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். இப்போது 84,000 டாலருக்குப் பில் வந்திருக்கிறது. அம்மாவுக்கு எடுத்திருந்த ட்ராவல் இன்ஷூரன்ஸில், பழைய ரத்தக்கொதிப்பைக் காரணம் காட்டித் தர மறுக்கிறார்கள். அன்று கவுண்டரில் இருந்த பெண் முதலில் இன்ஷூரன்ஸ் கார்டும் கிரெடிட் கார்டும் கேட்டார். ஒரு டேப்லெட்டில் படிக்காமலே கையெழுத்தும் போட்டேன். இன்ஷூரன்ஸே இல்லாமல் போயிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்களா? முழுப் பணத்தையும் நாங்கள் கட்டியே ஆக வேண்டுமா? அம்மாவின் அடுத்த விசாவுக்குச் சிக்கல் வருமா? அடுத்த மாதம் அப்பாவும் வருகிறார்.

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

அம்மா வீடு திரும்பிவிட்டார் என்ற வரியைத் தேடிப் படித்துவிட்டுத்தான் மீதிக் கடிதத்துக்கு வந்தேன். மருத்துவமனை பில்களும் நோயாளிகளின் உரிமைகளும்தான் என் வழக்கறிஞர் தொழிலில் பெரும்பகுதி. வருகிற கடிதங்களில் பாதி பணத்தைப் பற்றியது. உங்கள் கடிதத்தில் பணத்தைவிட என்னை உறுத்துவது ஒரு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் போன அந்த நேரம். அதனால் உங்கள் முதல் கேள்விக்கு நீளமாகவே பதில் சொல்கிறேன்.

திருப்பி அனுப்பியிருக்க முடியாது. இன்ஷூரன்ஸ் இல்லை, கையில் காசு இல்லை, பாஸ்போர்ட்டையே வீட்டில் வைத்துவிட்டு வந்தீர்கள் என்றாலும் முடியாது. அமெரிக்காவில் 1986-லிருந்து இதற்கு ஒரு மத்திய அரசுச் சட்டம் இருக்கிறது. அதன் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து எல்லோரும் 'எம்டாலா' என்பார்கள். அவசர சிகிச்சைக்கும் பிரசவ வலிக்குமான சட்டம். உங்கள் அலுவலகத்தில் யாருக்காவது வேலை போனால் "கோப்ரா எடுத்தாச்சா?" என்று கேட்பார்கள் அல்லவா, வேலை போன பிறகும் சொந்தச் செலவில் அலுவலக இன்ஷூரன்ஸைத் தொடரும் ஏற்பாடு? இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை. 1986 ஏப்ரல் 7 அன்று அதிபர் ரீகன் கையெழுத்திட்ட பெரிய பட்ஜெட் சட்டம் ஒன்றுக்குள் சில பக்கங்களாக எம்டாலா இருந்தது. அப்போது அதைப் பெரிதாகக் கவனித்தவர்கள் குறைவு.

அது ஏன் தேவைப்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். எண்பதுகளின் தொடக்கத்தில் தனியார் மருத்துவமனைகள், காசில்லாத நோயாளியை அப்படியே ஆம்புலன்ஸில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குத் தள்ளிவிடுவது சகஜமாக இருந்தது. குப்பையைக் கொட்டுவதற்குச் சொல்லும் ஆங்கிலச் சொல்லையே அதற்கும் பயன்படுத்தினார்கள். சிகாகோவின் குக் கவுண்டி அரசு மருத்துவமனை டாக்டர்கள், தங்களிடம் இப்படி வந்து சேர்ந்த 467 பேரைப் பற்றி 1986-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவர்களில் 87 சதவீதம் பேர் அனுப்பப்பட்டதற்குக் காரணம் இன்ஷூரன்ஸ் இல்லாததுதான். ஏறக்குறைய நாலில் ஒருவர் உடல்நிலை நிலைப்படாமலே வண்டியில் ஏற்றப்பட்டவர். இந்த மாதிரிச் செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துதான் சட்டம் வந்தது.

சட்டம் சொல்வது எளிமையானது. எமர்ஜென்சி பிரிவுக்கு யார் வந்து நின்றாலும் முதலில் தகுந்த பரிசோதனை செய்து, இது அவசர நிலையா என்று பார்க்க வேண்டும். அவசரம் என்றால் நிலைப்படுத்தும் வரை சிகிச்சை தர வேண்டும். தங்களிடம் அதற்கு வசதி இல்லை என்றால், முடிந்த சிகிச்சையைத் தந்து, எடுத்துக்கொள்ளச் சம்மதித்த இன்னொரு மருத்துவமனைக்கு, தகுந்த வண்டியில், மருத்துவக் குறிப்புகளோடு அனுப்ப வேண்டும். வசதியும் இடமும் உள்ள அந்தப் பெரிய மருத்துவமனையும் வாங்கிக்கொள்ள மறுக்கக் கூடாது. மெடிகேர் என்ற, முதியவர்களுக்கான மத்திய அரசு மருத்துவக் காப்பீட்டிலிருந்து பணம் வாங்குகிற, எமர்ஜென்சி பிரிவு உள்ள எல்லா மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். இந்த நாட்டில் மெடிகேர் பணம் வாங்காமல் மருத்துவமனை நடத்துவது மிகக் கடினம் என்பதால் கிட்டத்தட்ட எல்லாமே இதில் அடங்கிவிடும். மீறினால் ஒரு மீறலுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் அபராதம் போகலாம், மெடிகேரிலிருந்தே வெளியேற்றலாம், பாதிக்கப்பட்டவர் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கும் போடலாம். அடுத்த முறை எமர்ஜென்சி பிரிவுக்குப் போக நேர்ந்தால் சுவரைப் பாருங்கள். இந்த உரிமையைச் சொல்லும் அறிவிப்பு மாட்டியிருக்கும், மாட்டியே ஆக வேண்டும்.

சரி, கவுண்டரில் கார்டு கேட்டது? இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டுப் பதிவு செய்வது தப்பில்லை. அந்தக் கேள்வியால் பரிசோதனையோ சிகிச்சையோ ஒரு நிமிடம்கூடத் தாமதமாகக் கூடாது, நோயாளி பயந்து திரும்பிப் போகிற மாதிரியும் கேட்கக் கூடாது. கிரெடிட் கார்டு விஷயத்தில் இன்னொரு பூட்டும் இருக்கிறது. லாப நோக்கற்றது என்று சொல்லி வரிவிலக்கு வாங்கும் மருத்துவமனைகள், எமர்ஜென்சி நோயாளியிடம் சிகிச்சைக்கு முன் பணம் கேட்கக் கூடாது என்று 2010-ன் சுகாதாரச் சட்டமும் அதன் வரி விதிகளும் சொல்கின்றன. 'ஒபாமாகேர்' என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கும் அதே சட்டம்தான். அன்று அம்மாவை உள்ளே கொண்டு போக எவ்வளவு நேரம் ஆனது என்று நினைவிலிருந்து எழுதி வையுங்கள். தாமதம் நடந்திருந்தால் மெடிகேரை நடத்தும் மத்திய நிறுவனத்திடமோ மாநில சுகாதாரத் துறையிடமோ புகார் தரலாம். புகார் கொடுத்தால் பில் தள்ளுபடியாகும் என்று எதிர்பார்க்காதீர்கள், அது வேறு பாதை.

எம்டாலா தராதது என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிகிச்சை இலவசம் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. கதவைத் திறக்கும், பில்லைக் கிழிக்காது. நோயாளி நிலைப்பட்டதும், அல்லது நல்லெண்ணத்தோடு உள்நோயாளியாகச் சேர்த்ததும் அதன் வேலை முடிந்துவிடும். பிறகு வரும் செக்கப், மாத்திரை, புற்றுநோய்க்கான தொடர் சிகிச்சை எதுவும் அதில் வராது. மருத்துவமனையோடு சேராமல் கடைத்தெருவில் தனியாக இருக்கும் 'அர்ஜென்ட் கேர்' கிளினிக்குகளுக்கும் பொதுவாக இது பொருந்தாது. நெஞ்சு வலிக்கு அங்கே போகவே கூடாது.

இதையெல்லாம் தெரியாததால்தான் அந்த நான்கு மணி நேரம் போனது. உங்களைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. நம் வீடுகளில் அமெரிக்க ஆஸ்பத்திரி பில்லைப் பற்றிய கதைகள் மட்டும் ஊர் ஊராகப் பரவியிருக்கின்றன. திருநெல்வேலியில் இருக்கும் அம்மாவுக்கு பில் கதை தெரிந்திருக்கிறது, இந்தச் சட்டம் தெரியவில்லை. மாரடைப்பில் ரத்தம் போகாத ஒவ்வொரு நிமிடமும் இதயத்தின் தசை செத்துக்கொண்டிருக்கிறது என்று எந்த இதய மருத்துவரும் சொல்வார். அம்மா பிழைத்தது பெரிய பாக்கியம். பணத்தைப் பற்றி மறுநாளும் சண்டை போடலாம், அடுத்த மாதமும் போடலாம், அதற்கு வழி இருக்கிறது. தயவுசெய்து இதை உங்கள் நண்பர்கள் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும் என்று ஊகிக்கிறேன், நீங்கள்தான் மொழிபெயர்த்திருப்பீர்கள். 'நெஞ்சு கரிக்கிறது', 'நெஞ்சை அடைக்கிறது', 'நெஞ்சைப் பிடிக்கிறது' மூன்றும் நமக்கு வேறு வேறு. அவசரத்தில் ஒரு மகன் மூன்றையும் 'கேஸ்' என்று சொல்லிவிட முடியும். நீங்கள் மொழிபெயர்க்கத் தேவையே இல்லை. தகுதி பெற்ற தமிழ் மொழிபெயர்ப்பாளரை, பெரும்பாலும் தொலைபேசியிலோ வீடியோவிலோ, காசு வாங்காமல் மருத்துவமனை ஏற்பாடு செய்ய வேண்டும். இதற்கு வேர் 1964-ன் சிவில் உரிமைச் சட்டம். அதன் ஆறாம் பகுதி, மத்திய அரசின் பணம் வாங்கும் எவரும் இனம், நிறம், பூர்வீக நாடு பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. மொழி தெரியாததால் ஒருவரை ஒதுக்கிவிடுவதும் இதில் அடங்கும் என்று, சான் பிரான்சிஸ்கோவின் சீன மாணவர்கள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1974-ல் ஏற்றுக்கொண்டது. 2010 சட்டம் அதை மருத்துவத்துக்கென்றே இன்னும் தெளிவாக்கியது. "தமிழ் இன்டர்ப்ரெட்டர் வேண்டும்" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

இந்த 1964 சட்டத்தின் கதை உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே நடந்தது என்பதால் இங்கே கொஞ்சம் நின்று போகிறேன். கேரியிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் கிரீன்ஸ்பரோ போய்விடலாம். அங்கே மோசஸ் கோன் என்ற மருத்துவமனை, 1946-ன் ஹில்-பர்ட்டன் சட்டப்படி மத்திய அரசின் பணத்தை வாங்கியிருந்தது. நாடெங்கும் மருத்துவமனை கட்டப் பணம் கொடுத்த அந்த நல்ல சட்டத்துக்குள்ளேயே, கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் தனித்தனி மருத்துவமனை இருந்தால் பரவாயில்லை என்று ஒரு வாசகம் ஒளிந்திருந்தது. ஜார்ஜ் சிம்கின்ஸ் என்ற கறுப்பினப் பல் மருத்துவரின் நோயாளிக்குக் கடைவாய்ப் பல்லில் சீழ் கட்டிவிட்டது. கறுப்பினத்தவருக்கான மருத்துவமனையில் இடம் இல்லை, மோசஸ் கோனில் அவரைச் சேர்க்க மாட்டார்கள். சிம்கின்ஸும் மற்ற மருத்துவர்களும் நோயாளிகளும் 1962-ல் வழக்குப் போட்டார்கள். 1963-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாசகத்தை அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று ரத்து செய்தது. அடுத்த ஆண்டு சிவில் உரிமைச் சட்டம், அதற்கடுத்த ஆண்டு மெடிகேர். இனம் பிரிக்கும் மருத்துவமனைக்கு மெடிகேர் பணம் கிடையாது என்று அரசு உறுதியாக நின்றபோது, சில மாதங்களில் ஏறக்குறைய ஆயிரம் மருத்துவமனைகள் வார்டுகளை ஒன்றாக்கின. கிரீன்ஸ்பரோ மருத்துவமனை நிர்வாகம் 2016-ல், வழக்குப் போட்டவர்களில் அப்போது உயிரோடிருந்த கடைசி மருத்துவரிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. அன்று போட்ட அந்தப் பணப் பூட்டைத்தான் எம்டாலாவும் பிறகு பயன்படுத்தியது.

அதே 1965 அக்டோபரில் குடியேற்றச் சட்டமும் மாறியது. அதுவரை இந்தியாவுக்கு ஆண்டுக்கு 100 பேர் என்றிருந்த கோட்டா போனது. மெடிகேரால் மருத்துவர்கள் நிறையத் தேவைப்பட்ட நேரத்தில் நம் ஊர் டாக்டர்கள் இங்கே வரத் தொடங்கினார்கள். இன்று அமெரிக்க வார்டுகளில் இத்தனை தமிழ், தெலுங்கு, குஜராத்தி பெயர்களைப் பார்ப்பதற்கு அந்த ஓராண்டின் இரண்டு சட்டங்களுக்கும் பெரிய பங்கு உண்டு.

இனி பில். 84,000 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள், உடனே கிரெடிட் கார்டில் கட்டியும் விடாதீர்கள். முதலில் அந்த மருத்துவமனை லாப நோக்கற்றதா என்று பாருங்கள். நாட்டில் பாதிக்கு மேல் அப்படித்தான். அப்படியென்றால் எழுத்தில் ஒரு நிதி உதவித் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்பது 2010 சட்டம். பேச்சுவழக்கில் 'சேரிட்டி கேர்'. அவர்களின் இணையதளத்தில் இருக்கும், கேட்டால் இலவசமாகத் தர வேண்டும். அதற்குத் தகுதி பெற்றால் முழுவிலையை வசூலிக்கவே முடியாது. இன்ஷூரன்ஸ் உள்ளவர்களுக்குப் பொதுவாக என்ன தொகையோ அதற்கு மேல் கேட்கக் கூடாது. அது பெரும்பாலும் பில்லில் அச்சிட்டிருப்பதைவிட மிகக் குறைவு. டிஸ்சார்ஜுக்குப் பிறகு வந்த முதல் பில் தேதியிலிருந்து 240 நாட்கள் வரை விண்ணப்பிக்கலாம். முதல் 120 நாட்களுக்குள் வழக்கு, சம்பளப் பிடித்தம், கிரெடிட் பதிவில் ஏற்றுவது போன்ற கடும் வசூல் நடவடிக்கை எதுவும் எடுக்கக் கூடாது.

தகுதி விதிகள் மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். சிலர் அந்த வட்டாரத்தில் குடியிருப்பவருக்கு மட்டும் என்பார்கள், சிலர் எமர்ஜென்சிக்கு அந்த நிபந்தனை வைப்பதில்லை. திட்டத்தை முழுதாகப் படியுங்கள். நோயாளி அம்மா, உங்கள் சம்பளத்தைக் குடும்ப வருமானமாகச் சேர்க்க வேண்டுமா என்பது அவர்களின் வரையறையைப் பொறுத்தது. எதையும் மறைக்காமல், அம்மாவின் வருமானத்துக்கான ஆதாரத்தோடு விண்ணப்பியுங்கள். மறுத்தாலும், லாபத்துக்கு நடக்கும் மருத்துவமனையாக இருந்தாலும் பேரம் பேசலாம். இன்ஷூரன்ஸ் இல்லாதவருக்கான தள்ளுபடி, வட்டியில்லாத் தவணை இரண்டையும் வாய்விட்டுக் கேளுங்கள். அதற்கு முன் ஒவ்வொரு ஊசிக்கும் ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனியாக விலை போட்ட விவரமான பில் வாங்கிவிடுங்கள். ஒன்றையே இருமுறை ஏற்றியிருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நீங்கள் போட்ட கையெழுத்து முக்கியம். பெற்றோரின் மருத்துவக் கடனுக்குப் பிள்ளை தானாகவே பொறுப்பாளி ஆவது பொதுவாக இல்லை. ஆனால் ஜாமீன்தாரராகக் கையெழுத்திட்டிருந்தால் கடன் உங்கள் மேல் வரும். அன்று கையெழுத்திட்ட எல்லாவற்றின் நகலையும் கேளுங்கள். சில மாநிலங்களில் பெற்றோரைப் பராமரிக்கும் பொறுப்பைப் பிள்ளைமேல் வைக்கும் பழைய சட்டங்கள் உண்டு. பென்சில்வேனியாவில் 2012-ல், தாயின் பராமரிப்பு இல்லச் செலவு 93,000 டாலரை மகனே கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. எனவே நகல்களோடு உங்கள் மாநிலத்தில் உரிமம் உள்ள ஒரு வழக்கறிஞரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இன்ஷூரன்ஸ் மறுப்பை அப்படியே ஏற்காதீர்கள். விசிட்டர் பாலிசிகள் பலவற்றில், முன்பே இருந்த நோய் திடீரென்று தீவிரமானால் ஒரு வரம்பு வரை தருவோம் என்ற பிரிவு இருக்கும். உங்கள் பாலிசியில் அது இருக்கிறதா என்று பார்த்து, எழுத்தில் மேல்முறையீடு செய்யுங்கள். அதற்கு அம்மாவின் மருத்துவக் குறிப்புகள் வேண்டும். நோயாளியின் மருத்துவத் தகவல்களைக் காக்கும் 1996-ன் ஹிப்பா சட்டத்தின் கீழ் அம்மா கேட்டால் பொதுவாக 30 நாட்களுக்குள் தர வேண்டும். உங்களிடம் பேச மறுத்தால் கோபப்படாதீர்கள், அம்மாவின் கையெழுத்தோடு ஒரு அனுமதி ஃபார்ம் கொடுத்தால் சரியாகிவிடும். எதிர்பாராத பில்லைத் தடுக்க 2022-ல் நடைமுறைக்கு வந்த சட்டத்தைப் பற்றியும் கேள்விப்பட்டிருக்கலாம். அது வழக்கமான உடல்நலக் காப்பீடுகளுக்காக எழுதப்பட்டது, விசிட்டர் பாலிசிக்கு அதை நம்ப வேண்டாம். அதில் உங்களுக்கு உதவும் பகுதி ஒன்றுண்டு: அம்மா இனி சொந்தக் காசில் இதய மருத்துவரிடம் செக்கப்புக்கு நேரம் வாங்கும்போது முன்கூட்டியே எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும். பில் அதைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடினால் 120 நாட்களுக்குள் எதிர்க்கலாம்.

கடன் வசூல் நிறுவனத்துக்குப் போய்விட்டால்? 1977-ன் சட்டப்படி அவர்கள் காலை எட்டுக்கு முன்பும் இரவு ஒன்பதுக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. கடனின் விவரத்தைச் சொல்லும் அறிவிப்பு கிடைத்த 30 நாட்களுக்குள் "நிரூபியுங்கள்" என்று எழுதிக் கேட்டால், நிரூபிக்கும் வரை வசூலை நிறுத்த வேண்டும்.

விசா பற்றி: ஆஸ்பத்திரி பாக்கி இருப்பது மட்டும் விசாவை மறுக்கத் தனிக் காரணமாகச் சட்டத்தில் இல்லை. அரசுக்குச் சுமையாகிவிடுவாரா என்று பார்க்கும் விதி 1882-லிருந்தே இருக்கிறது, ஆனால் ஒரு தனியார் மருத்துவமனை தன் பில்லைத் தானே தள்ளுபடி செய்வது அரசு உதவி ஆகாது. அடுத்த முறை சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் போன பயணத்தின் செலவைக் கேட்டால் காட்ட, மருத்துவமனையோடு செய்த ஒப்பந்தமும் ரசீதுகளும் அம்மாவின் கோப்பில் இருக்கட்டும்.

அப்பா கிளம்புவதற்கு முன் பாலிசியை மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று நிலைத்த தொகை தரும் மலிவுப் பாலிசிகள், அமெரிக்க விலையில் ஒரு நாள் படுக்கைக்கே போதாமல் போகலாம். கொஞ்சம் கூடப் போனாலும் விரிவான பாலிசி எடுங்கள். அவர் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், அளவு, பழைய ஈசிஜி எல்லாவற்றையும் ஒரு காகித உறையில் போட்டுக் கொண்டு வரச் சொல்லுங்கள். அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்து "தமிழ்" என்று சொல்லவும் இருவருக்கும் பழக்கிவிடுங்கள், பல ஊர்களில் தொலைபேசியிலேயே மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள்.

அம்மாவுக்கு ஸ்டென்ட் வைத்த பிறகு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்திருப்பார்கள். இங்கே விலை அதிகம் என்று அவர் ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட ஆரம்பித்துவிடுவார், நம் அம்மாக்கள் அப்படித்தான். மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடக் கூடாது. இன்றிரவு டப்பாவைத் திறந்து மாத்திரைகளை எண்ணிப் பாருங்கள்.